ஒரு மெட்டும் இரண்டு தாய்மார்களும்

தமிழ் சினிமாப் பாட்டைப் பற்றி நம் வட்டத்தில் பேச்சு எழுவதே அபூர்வம். எழுந்தாலும் ‘காப்பி’ என்ற ஒற்றைச் சொல்லோடு அது முடிந்துபோகிறது. இந்த மெட்டு எங்கிருந்து எடுத்தது, அந்த இடையிசை எந்த ரிகார்டிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்துச் சொல்வதில் சிலருக்கு அபார சாமர்த்தியம் உண்டு. அது போலீஸ்காரனின் சாமர்த்தியம். களவுபோன பொருள் எந்த வீட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அவன் வேலை முடிந்தது. அந்தப் பொருளை வைத்து அந்த வீட்டார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது அவனுக்கு வேண்டாத விஷயம். விமர்சனம் என்று ஒன்று உண்டானால் அது அங்கேதான் தொடங்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்கிறேன். 1956ல் வந்த ஹிட்ச்காக்கின் ‘தி மேன் ஹூ ந்யூ டூ மச்’ படத்தில் டோரிஸ் டே பாடிய ‘கே ஸெரா ஸெரா’. ஜே லிவிங்ஸ்டன், ரே எவன்ஸ் என்ற இரட்டையர் எழுதி மெட்டமைத்தது. அந்த ஆண்டின் சிறந்த திரைப்பாடலுக்கான ஆஸ்கார் பரிசும் அதற்குக் கிடைத்தது. மறு ஆண்டே, 1957ல், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த ‘ஆரவல்லி’யில் அதே மெட்டு ‘சின்னப் பெண்ணான போதிலே’ என்று தமிழில் வந்துவிட்டது. இசை ஜி. ராமநாதன். பாடியவர்கள் ஜிக்கியும் ஏ.எம். ராஜாவும். ஆரவல்லி சூரவல்லி கதை நமது நாட்டார் மரபில் ஊறிப்போன பெண்ணரசு நாட்டுக் கதை. அதற்குள் ஹாலிவுட்டின் வால்ட்ஸ் மெட்டு எப்படி நுழைந்தது என்று யாரும் அன்று கேட்டதாகத் தெரியவில்லை. கேட்கத் தோன்றாததுதான் தமிழ் சினிமாவின் பலம், பலவீனம் இரண்டும்.

இந்தப் பாட்டை நான் முதலில் கேட்டது அம்பத்தூரில், 1960 வாக்கில், ஆடிமாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் திருவிழாவில். பனைமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி விடியற்காலையிலிருந்து ரிகார்டு போடுவார்கள். எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள் வராத காலம் அது. பக்திக்கு இரண்டு தட்டு, பிறகு கையில் இருந்த சினிமாத் தட்டெல்லாம். அம்பத்தூர் அப்போது பாதி கிராமம். ஏரியும் வயலும் ஒரு பக்கம், சைக்கிள் கம்பெனிச் சங்கு ஒரு பக்கம். தொழிற்பேட்டை 1964ல்தான் வந்தது. எங்கள் தெருக்கோடியில் ரயில்வேயில் எஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரின் ஆங்கிலோ-இந்தியக் குடும்பம் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் கேக் வாங்கிவர என்னை அனுப்பினார்கள். உள்ளே கிராமபோனில் அந்த மெட்டு ஓடிக்கொண்டிருந்தது, இங்கிலீஷில்.

எனக்கு ஒரே பெருமை. “ஆன்ட்டி, இது எங்க பாட்டு. இங்கிலீஷ்காரங்க காப்பி அடிச்சிட்டாங்க” என்றேன். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. “அப்படியா மேன்? நானும் அவங்களுக்குச் சொல்றேன்” என்று சொல்லி இன்னொரு துண்டு கேக் கொடுத்தாள்.

உண்மையை அறிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. அறிந்தபோது வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். முதலில் கேட்டதுதான் மூலம் என்று ஒரு சிறுவன் நினைத்ததில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

*

மெட்டு வந்த வழியைப் பார்க்கலாம். இரண்டாம் உலகப்போரின்போது தென்கிழக்கு ஆசியக் கமாண்டின் சிப்பாய்களுக்காகக் கொழும்பிலிருந்து ரேடியோ ஸியாக் என்ற ஒலிபரப்பு நடந்தது. போர் முடிந்தபின் அதன் சக்திவாய்ந்த டிரான்ஸ்மிட்டர் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1949ல் அது ரேடியோ ஸிலோன். 1950ல் அதன் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. சிப்பாய்களின் சோர்வைப் போக்க வைத்த கருவி பற்பசை விற்கத் தொடங்கிற்று. ஹிந்திப் பாட்டுக்காகப் புகழ்பெற்ற ‘பினாகா கீத்மாலா’வுக்கு முன்பே ‘பினாகா ஹிட் பரேட்’ என்று இங்கிலீஷ் பாட்டு நிகழ்ச்சி அங்கே இருந்தது. இங்கே ஆல் இந்தியா ரேடியோவில் 1952லிருந்து கேஸ்கர் மந்திரியாக இருந்து, சினிமா இசையை ஏறக்குறைய வெளியே தள்ளி, சாஸ்திரீய சங்கீதத்தால் ஜனங்களின் ரசனையை உயர்த்திக்கொண்டிருந்தார். ஜனங்கள் முள்ளைத் திருப்பிக் கொழும்புக்குப் போனார்கள். 1957ல் விவித பாரதி வந்ததே இந்தத் தோல்வியை ஒப்புக்கொண்டதுதான்.

ஆக, ஒரு தமிழ்க் காது அன்று ரேடியோ ஸிலோனில் மயில்வாகனனின் குரலிலிருந்து நாலு விரற்கடை நகர்ந்தால் பெர்ரி கோமோவையோ நாட் கிங் கோலையோ கேட்டுவிட முடியும். தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்த சந்திரபாபுவின் யோடலிங், அமெரிக்காவில் ரயில்வே பிரேக்மேனாக வேலை பார்த்து, பாடகனாகி, 1933ல் காசநோயில் செத்த ஜிம்மி ராட்ஜர்ஸ் பிரபலப்படுத்திய வித்தை. தெருக்கோடி எஞ்சின் டிரைவர் வீட்டில் பின்னாளில் ஓயாமல் ஒலித்த ஜிம் ரீவ்ஸும் அந்தக் கிராமியப் பாட்டின் வாரிசுதான். 1964ல் அவர் விமான விபத்தில் இறந்த பிறகு நமது ஆங்கிலோ-இந்திய வீடுகளிலும் இலங்கையிலும் அவருக்குக் கிடைத்த இரண்டாவது ஆயுளை எந்தக் கம்பெனியும் திட்டமிட்டிருக்க முடியாது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அமெரிக்கக் கலாச்சார ஏகாதிபத்தியம் என்று இடதுசாரி நண்பர்கள் சொல்வதை நான் ஒரேயடியாக மறுப்பவன் அல்ல. அமெரிக்க அரசு தன் சங்கீதத்தைத் திட்டமிட்டு அனுப்பியது. 1955லிருந்து வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கானோவர் ஜாஸ் நிகழ்ச்சி நடத்தினார். 1958ல் டேவ் ப்ரூபெக்கின் குழு ராஜாங்கச் செலவில் சென்னைக்கும் வந்து போயிற்று. ஆனால் அரசு அனுப்பியது ஜாஸ். அது மவுண்ட்ரோடைத் தாண்டி மேற்கே வரவில்லை. யாரும் அனுப்பாத டோரிஸ் டேதான் ஆடிமாதத்தில் அம்பத்தூர்ப் பனைமரத்தில் ஏறினாள். ராஜதந்திரத்தை வைத்து மட்டும் இதை விளக்கிவிட முடியவில்லை.

நதிமூலமும் அத்தனை சுத்தம் இல்லை. ‘கே ஸெரா ஸெரா’ என்ற தொடரே ஸ்பானிஷ் இலக்கணப்படி பிழை. ‘தி பேர்ஃபுட் கன்டெஸா’ என்ற 1954ம் ஆண்டுப் படத்தில் ஒரு இத்தாலியக் குடும்பத்தின் இலச்சினை வாசகமாக வந்ததைப் பார்த்து, அதை ஸ்பானிஷ் போலத் திரித்து வைத்துக்கொண்டார்கள். 1964ல் வந்த ‘புதிய பறவை’யில் சுசீலா பாடும் ‘பார்த்த ஞாபகம் இல்லையோ’வை டீன் மார்ட்டினின் ‘ஸ்வே’யோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். அந்த ‘ஸ்வே’ மெக்ஸிகோப் பாட்டு ஒன்றுக்கு நார்மன் கிம்பெல் இங்கிலீஷ் வார்த்தை போட்டு 1954ல் வந்தது. அமெரிக்கப் பாட்டு என்பதே ஊரெல்லாம் சேர்த்த பிச்சைப் பாத்திரம். அதிலிருந்து நாம் ஒரு கவளம் எடுத்தால் மட்டும் குற்றமா?

நமக்கும் இது புதிதில்லை. முத்துசுவாமி தீட்சிதர் மணலியில் இருந்த காலத்தில் கோட்டைக்குப் போய் வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டதாகச் சொல்வார்கள். அந்த மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருத சாகித்யம் செய்தார். நாற்பதுக்குச் சற்று முன்பின்னாக அப்படிப்பட்ட நோட்டுஸ்வர சாகித்யங்கள் இருக்கின்றன. ஆங்கிலேய ராஜாவை வாழ்த்தும் கீதத்தின் மெட்டிலேயே அம்பாள் மீது ‘சந்ததம் பாஹிமாம்’. மதுரை மணி அய்யர் இங்கிலீஷ் நோட்டை ஆரம்பித்ததும் சபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தவர்கள் யாரும் காப்பி என்று எழுந்து போனதில்லை.

*

மெட்டைவிடப் பெரிய ஒன்றை நாம் அமெரிக்கப் பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டோம். அதை யாரும் கணக்கில் வைப்பதில்லை. அது குரல்.

மைக் இல்லாத காலத்தில் பாட்டு என்பது தூரத்தை வெல்வது. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரனுக்குக் கேட்கும்படி பாடவேண்டியிருந்தது. தியாகராஜ பாகவதரின் சாரீரம் அந்த மேடையில் உருவானது. சினிமாவில் மைக் வாய்க்கு முன்னால் வந்த பிறகும் பாகவதர் கடைசி வரிசைக்கே பாடினார். அமெரிக்காவில் 1925க்குப் பிறகு மின்சார ஒலிப்பதிவு வந்ததும் பிங் க்ராஸ்பி போன்றவர்கள் ஒன்றைக் கண்டுகொண்டார்கள்: இனிக் கூட்டத்துக்குப் பாடவேண்டாம், ஒரு ஆளின் காதருகே பாடினால் போதும். கிசுகிசுப்பும் பாட்டாக முடியும். பெண்குரலில் இதைச் செய்தவர்களில் ஒருத்தி டோரிஸ் டே. உச்சஸ்தாயியில் அவளுக்கு வேலையே கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறாள், பேச்சு தற்செயலாக ஸ்வரத்தில் விழுகிறது.

ஏ.எம். ராஜாவின் குரல் இந்த மைக்கின் பிள்ளை. சென்னைக் காலேஜில் படித்த பையன் ஒருவன் ஒரு பெண்ணிடம் தனியாகப் பேசும் குரல். 1959ல் அவரே இசையமைத்த ‘கல்யாணப் பரிசு’வைக் கேட்டால் இது புரியும். தமிழ் ஆணுக்கு அந்தரங்கம் என்று ஒன்று உண்டு என்பதைத் தமிழ்ப் பாட்டில் முதலில் உணர்த்தியவர்களில் அவர் ஒருவர். பி.பி. ஸ்ரீனிவாஸ் பின்னால் வந்தார். ஆனால் ஆட்சி இவர்கள் கைக்கு வரவில்லை. 1954ல் ‘தூக்குத் தூக்கி’யில் சிவாஜிக்குப் பாடி எழுந்த டி.எம். சௌந்தரராஜன் மேடைக் குரலைத் திரும்பச் சிம்மாசனத்தில் ஏற்றினார். தமிழ் நாட்டில் அது மேடைப் பேச்சின் காலம். கூட்டத்தை நோக்கிப் பேசும் குரலுக்கே மதிப்பு. சௌந்தரராஜனைக் குறைத்துச் சொல்லவில்லை. ராஜாவின் வழி அடைபட்டதைச் சொல்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால் இந்த இரண்டு வழியும் ஒரே மனிதரிடமிருந்து பிரிந்தன. பாகவதரின் ‘சிவகவி’, ‘ஹரிதாஸ்’ படங்களில் பாபநாசம் சிவனோடு பணியாற்றிய ஜி. ராமநாதன்தான் ‘தூக்குத் தூக்கி’க்கும் ‘ஆரவல்லி’க்கும் இசை. அடுத்த ஆண்டு ‘உத்தம புத்திர’னில் ‘யாரடி நீ மோகினி’ என்று ராக் அண்ட் ரோலையே கொண்டுவந்தார். 1963ல் அவர் இறந்தபோது தமிழ் சினிமாவின் கர்நாடக மரபு போயிற்று என்று எழுதினால் அது பாதி உண்மைதான்.

‘ஆரவல்லி’ப் பாட்டில் அவர் செய்ததைக் கவனிக்கவேண்டும். வால்ட்ஸின் மூன்றெண்ணிக்கை நமக்குத் திஸ்ரமாகப் பழக்கம். ஆனால் வால்ட்ஸில் முதல் அடி கனத்து விழ, மற்ற இரண்டும் மிதந்து போகவேண்டும். அந்த மிதப்பைக் கெடுக்காமல் விட்டார். கமகத்தைத் திணிக்கவில்லை. கர்நாடக சங்கீதத்தில் ஊறிய ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது சுலபம் அல்ல.

*

இனி வார்த்தைக்கு வருகிறேன். என் கட்டுரையின் காரணமே இதுதான்.

இங்கிலீஷ் பாட்டில் சிறுமி தாயைக் கேட்கிறாள்: நான் பெரியவளாகி என்ன ஆவேன், அழகாக இருப்பேனா, பணம் வருமா? தாய் சொல்லும் பதில்: நடப்பது நடக்கும், வருங்காலத்தைப் பார்க்கும் கண் நமக்கு இல்லை. தமிழிலும் சிறுமி தாயைக் கேட்கிறாள்: நினைத்தபடி வாழ்வு அமையுமா? தமிழ்த் தாயின் பதில் நேர் எதிர்: நீ எண்ணியபடியே வாழ்வாய், இன்பமாக இருப்பாய். அந்த இரவல் ஸ்பானிஷ் சொற்கள் விழுகிற இடத்தில் தமிழில் நிலா உதிக்கிறது. ஓசை கச்சிதமாகப் பொருந்துகிறது. அர்த்தம் முழுக்கக் கவிழ்ந்துவிட்டது.

இங்கிலீஷில் வளர்ந்த பெண் அடுத்து கேட்பது காதலனை. தமிழில் கேட்கப்படுபவள் தோழி. மாடர்ன் தியேட்டர்ஸ் பாட்டுக்குள் அகத்திணைத் தோழி வந்து நிற்கிறாள், யாரும் கூப்பிடாமலே. பிறகு ராஜாவின் குரல் சேர்ந்து ஜோடிப் பாட்டாகிவிடுகிறது.

விதியை நம்புகிறவர்கள் கிழக்கத்தியர், தன் கையை நம்புகிறவன் அமெரிக்கன் என்று படித்து வந்திருக்கிறோம். இங்கே அமெரிக்கத் தாய் விதி என்கிறாள், தமிழ்த் தாய் உன் எண்ணம் என்கிறாள். இதற்கு ஒரு விளக்கம் எனக்கு வெகுநாள் பிடித்தமாக இருந்தது. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி சோஷலிச பாணிச் சமுதாயத் தீர்மானம் நிறைவேற்றியது. போர்க்கால ராணுவக் கிடங்குகளின் ஊர் ஒரு தீர்மானத்தின் பெயராக உலகம் முழுக்கப் போயிற்று. பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலை அதே ஆண்டு. எண்ணம்போல் தேசத்தை அமைக்கலாம் என்று நம்பிய காலம். 1957ல் தமிழ்த் தாய் மகளிடம் நேருவின் குரலில் பேசியதில் ஆச்சரியம் என்ன? ஒரு நண்பர்கள் கூட்டத்தில் இப்படிப் பேசிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

அது தப்பு. தப்பென்று எனக்குக் காட்டியவள் என் அம்மா. இங்கிலீஷ் பாட்டில் அந்தத் தாய் என்ன சொல்கிறாள் என்று ஒருநாள் அம்மா கேட்டாள். சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். “வளர்ற பொண்ணு வாய் தெறந்து கேக்குது. எந்த ஆத்தா இப்படிப் பதில் சொல்லுவா? நல்ல வார்த்தை வராதா அவ வாயில?”

அவ்வளவுதான் விஷயம். ஐந்தாண்டுத் திட்டத்துக்கும் அந்தத் தமிழ் வரிக்கும் சம்பந்தம் இல்லை. அது மங்கல வழக்கு. தாய் வாயிலிருந்து வருவது வாழ்த்தாகத்தான் இருக்கவேண்டும், தகவலாக இருக்கமுடியாது. பல்லி சொல்லும், கிளி ஜோசியக்காரன் சொல்லுவான், தாய் மட்டும் ‘தெரியாது’ என்று சொல்லக்கூடாது. பாட்டெழுதியவர் மொழிபெயர்க்க முடியாமல் மாற்றவில்லை. மாற்றாமல் எழுதினால் திருவிழாவில் அந்தத் தட்டைப் போடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். 1965ல் ‘தோடு நீட’ என்ற தெலுங்குப் படத்தில் பானுமதி அந்தப் பாட்டை இங்கிலீஷிலேயே பாடினார். அந்நிய மொழியில் இருந்ததால் அமங்கலம் ஒட்டவில்லை போலும்.

மெட்டு வந்தது. மைக் குரல் வந்தது. ‘தெரியாது’ மட்டும் எல்லையில் நிறுத்தப்பட்டது. காப்பி என்று குற்றம் சாட்டுபவர்களிடம் எனக்குள்ள சண்டை இதுதான். காப்பி அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடிக்கவேண்டியதை விட்டுவிட்டார்கள்.

அந்தச் சொல் தமிழுக்கு வேறு வாசல் வழியாக வந்தது. 1934ல் ‘மணிக்கொடி’யில் வசன கவிதை எழுதிய ந. பிச்சமூர்த்தி, விட்மனின் ‘புல்லின் இதழ்கள்’ தனக்குக் கொடுத்த தூண்டுதலை மறைத்தவர் இல்லை. 1959ல் ‘எழுத்து’ தொடங்கியபின் அங்கே எழுதியவர்களுக்கு எலியட்டும் பவுண்டும் அந்நியர் அல்ல. அந்தக் கவிதைகளில்தான் தமிழில் ஒருவன் வாழ்த்தாமலும் சபிக்காமலும், எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு நிறுத்த முடிந்தது. பண்டிதர்கள் அவற்றை இங்கிலீஷ் காப்பி என்றுதான் திட்டினார்கள். விட்மனைப் படித்து எழுதினால் பாதிப்பு, டோரிஸ் டேயைக் கேட்டு மெட்டமைத்தால் களவு என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோமே, அந்தப் பிரிவில் பண்டிதர்களின் கை நம் கையோடு சேர்ந்திருப்பதை யாராவது பார்த்தோமா? அதே வருஷங்களில், அதே ஊரில், அந்தக் கவிஞனின் ஜன்னலுக்கு வெளியே குழாய் ஸ்பீக்கரில் அந்த மெட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

*

தெருக்கோடிக் குடும்பம் எழுபதுகளின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது. பெரம்பூரிலும் அயனாவரத்திலும் அப்படிப் பல வீடுகள் காலியாகிக்கொண்டிருந்தன. 1947லிருந்தே போகலாமா இருக்கலாமா என்று அந்த ஜனங்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு எந்தத் தாயாலும் நல்ல வார்த்தை சொல்லியிருக்க முடியாது. அந்த வீட்டில் அந்தத் தட்டு தேய்ந்துபோகும்வரை சுழன்றதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கட்டிலும் பீரோவும் மூர்மார்க்கெட் வியாபாரிக்குப் போயின. ரிகார்டுகளை அவன் எடைக்குக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. புறப்படும் அன்று அந்த அம்மாள் எங்கள் வீட்டுக்குச் சொல்லிக்கொள்ள வந்தாள். அம்மா வாசல்வரை வந்து, “போயிட்டு வாங்க” என்றாள்.

“வரமாட்டேன்மா. எப்படி வர்றது?” என்றாள் அவள்.

அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. “அப்படிச் சொல்லாதீங்க. போயிட்டு வரேன்னு சொல்லுங்க” என்றாள். சொல்லவைத்த பிறகுதான் கையை விட்டாள்.